தொண்ணூற்றாறு கட்டைகள்

என் மனைவி விருத்தாம்பாளுக்கு நடப்பதுதான் உத்தியோகம். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து சேலம் போகும் லைனில் ஆறு கிலோமீட்டர் அவள் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் சுத்தியல், கையில் சிவப்புக் கொடி பச்சைக் கொடியோடு கட்டை கட்டையாக மிதித்துக்கொண்டு போவாள். கட்டை என்றால் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடப்பது. இப்போது எல்லாம் சிமெண்டுதான், ஆனாலும் பெயர் கட்டைதான். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப் எங்கேயாவது தளர்ந்திருந்தால் ஓங்கி ஓர் அடி போட்டு இறக்கிவிட்டு மேலே நடப்பாள். இந்த வேலைக்குப் பெயர் கீமேன். "கீமேனா? பொம்பளைக்குமா?" என்று அவள் வேலையில் சேர்ந்த புதிதில் நான் கிண்டல் செய்தபோது, "கிளிப்புக்குத் தெரியுமா அடிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

நான் அறிவழகன். பீங்கான் பொம்மை கம்பெனியில் சூளை பார்ப்பவன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சூளை வாசலில் உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கிறேன். எனக்கு நடை பிடிக்காது. தெருமுனைக் கடைக்குப் போவதற்கே வண்டியை எடுப்பேன். இப்படி ஒருத்தனுக்கு அப்படி ஒருத்தி எப்படி வாய்த்தாள் என்று எங்கள் மகள் கயல்விழி கேட்பாள். அவள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அம்மா பார்த்து அனுப்புகிற தண்டவாளத்தின் மேல்தான் போகிறேன் என்று கூடப் படிக்கிற பெண்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வாளாம்.

போன வைகாசியில் விருத்தாம்பாளின் இடது மார்பில் ஒரு கட்டி. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்று என்றார்கள். மார்பையும் எடுத்து, அக்குளில் பரவியிருந்ததையும் வழித்து எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊசி போடணும், கரண்டு வைக்கணும், எல்லாம் நல்லபடியா முடியும். பயப்படாதீங்க. ஆனா அந்தக் கையில இனிமே கனம் தூக்கக் கூடாது. சுத்தியல் வேலையெல்லாம் கூடவே கூடாது. கை வீங்கிடும், அப்புறம் வடியாது. பக்குவமா நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டேன். என் மனைவி இடதுகைக்காரி. சோறு மட்டும்தான் வலது கையால் சாப்பிடுவாள். சுத்தியல், அரிவாள்மனை, என் முதுகில் விழுகிற அடி, எல்லாம் இடது கைதான்.

சொல்லிவிடலாம் என்றுதான் வார்டுக்குள் போனேன். அவள் படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏங்க, எப்ப டூட்டியில சேரலாம்னு கேட்டீங்களா?" என்றாள். என்னங்க, எப்படி இருக்குது என் உடம்பு என்று கேட்கவில்லை. பிழைப்பேனா என்று கேட்கவில்லை. டூட்டியைக் கேட்டாள். நான் பெரிய தைரியசாலி போல, "மொதல்ல ஒடம்பு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு" என்றேன். அந்த 'அப்புறம்' என் தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி ஒன்பது மாதம் கிடந்தது.

தினமும் காலையிலும் சாயங்காலமும் அரை மணி நேரம் வெளியில் நடக்க வேண்டும், வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும், முடியாத நாளில் பத்தடியாவது நடக்க வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லா நோயாளிகளும் முகம் சுளிக்கும் இந்த மருந்தை இவள் மட்டும் வாரிக் குடித்தாள். முதல் கீமோ ஊசி போட்ட ஐந்தாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே பார்க்க வேண்டுமே கூத்தை! ஊரெல்லாம் கை வீசி, எட்டு வைத்து நடக்கிறார்கள். இவள் குட்டிக் குட்டி அடியாக, எல்லா அடியும் ஒரே அளவாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடக்கிறாள். இரண்டு கட்டைக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுதான் அவள் எட்டு. பதினாறு வருஷப் பழக்கம், காலுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ரிட்டையர்டு வாத்தியார் சாமிதுரை மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் அவரும் குனிந்து தரையைத் துழாவிக்கொண்டே கூட நடந்து வந்து, "ஏம்மா, கம்மல் கிம்மல் வுழுந்துடுச்சா? சொன்னா நாங்களும் தேடுவோம் இல்ல?" என்றார். தூரத்தில் ரயில் ஊதினால் இவள் சட்டென்று பாதையை விட்டு இறங்கி ஓரமாய் நிற்பாள். பின்னால் வருகிறவர்கள் இவள் மேல் மோதிக்கொள்வார்கள்.

ஒரு வாரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. "சுத்திச் சுத்தி வந்தா எங்கங்க போயி சேர்றது? கெளம்புன எடத்துலயே வந்து நிக்குது. பீட்டுன்னா ஒரு எடத்துலேந்து இன்னொரு எடத்துக்குப் போவணும்" என்றாள். பீட்டு என்பது அவளுடைய அந்த ஆறு கிலோமீட்டர். என் சூளை, உன் அடுப்பு என்பது போல 'என் பீட்டு' என்பாள்.

ஒரு நாள் காலை என்னிடம் சொல்லாமலேயே ரயில்வே கேட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் அவள் பீட்டு ஆரம்பம். மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு லைனில் ஏறியிருக்கிறாள். கேட்கீப்பர் இனியா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். "அக்கா, கோவிச்சுக்காதக்கா. மெடிக்கல் லீவுல இருக்கிறவங்க லைன்ல ஏறக் கூடாது. எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா எனக்குத்தான் வெனை." விருத்தாம்பாள் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிவிட்டாள். லைனில் நடக்கிற எத்தனை பேரை அவளே திட்டித் துரத்தியிருக்கிறாள்! சட்டம் அவளுக்குத் தெரியாதா? ஆனால் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், சாப்பிடவும் இல்லை, சாயங்காலம் நடக்கவும் இல்லை. மறுநாளும் நடக்கவில்லை. இவள் நடக்காமல் கிடந்தால் செத்துப் போவாள் என்று தோன்றியது.

சூளைக்குள் பொம்மைகளை அடுக்கி வைக்கத் தட்டுகள் உண்டு. இரண்டடி நீளம், நல்ல கனம், எவ்வளவு நெருப்பையும் தாங்கும். ஆனால் நூறு தடவை வெந்தால் அதுவும் வளைந்துவிடும். வளைந்த தட்டில் வைத்தால் பொம்மை கோணிப்போகும் என்று தூக்கிக் கம்பெனிக்குப் பின்னால் எறிந்துவிடுவோம். அங்கே முட்புதருக்குள் பல வருஷத் தட்டுகள் குவிந்து கிடந்தன. முதலாளி மாணிக்கவேலிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போ. எதுக்கு, மாட்டுக் கொட்டாய்க்கா?" என்றார். "ரயில் வுடப் போறேன்" என்றேன். சூடு தலைக்கேறிவிட்டது இவனுக்கு என்று நினைத்திருப்பார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெண்ணாடத்துக் கலியமூர்த்தியின் காலிமனை, நீளமாய்ப் போய் முந்திரித் தோப்பில் முடியும். தோப்புக்கு அந்தப் பக்கம் அதே சேலம் லைன். மொபெட்டில் நடைக்கு நாலு தட்டு என்று நாலு நாள் ஏற்றி இறக்கி, முள் வெட்டி, தரை சமப்படுத்தி, எண்பது தட்டைக் குறுக்கே குறுக்கே பதித்தேன். கட்டைக்குக் கட்டை எவ்வளவு தூரம் என்று இனியாவிடம் கேட்டு நூல் பிடித்து வைத்தேன். என் இடுப்பு கழன்றுவிட்டது. ஐந்தாம் நாள் காலை விருத்தாம்பாளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

நின்று பார்த்தாள். பிறகு மெல்ல ஏறி நடந்தாள். நாற்பதாவது தட்டில் நின்று திரும்பினாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எந்தப் புண்ணியவான்ங்க ஒங்களுக்கு இஞ்சினியர் வேலை குடுத்தது? பாலம் எங்க?"

"பாலமா?"

"ஆத்துப் பாலம்ங்க! பாலத்து மேல கட்டை நெருக்கமா கெடக்கும். அதுக்கு முன்னால வளைவு. வளைவுல வெளிப்பக்கம் ஒசரமா இருக்கும், உள்பக்கம் தாழ்வா இருக்கும். நீங்க பாட்டுக்குக் கோலம் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கீங்க!"

இன்னும் பதினாறு தட்டு கொண்டு வந்தேன். அவள் முந்திரி மர நிழலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, குச்சியை நீட்டி நீட்டி மேஸ்திரி வேலை பார்த்தாள். இங்கே கேட்டு, இங்கே புங்கமரம், இங்கே வளைவு ஆரம்பம், இங்கே பாலம், இங்கே பீட்டு முடிவு. வளைவில் வெளி ஓரத்துக்கு மண் கொட்டித் தூக்கினேன். பாலம் வரும் இடத்தில் தட்டுகளைப் பெயர்த்து நெருக்கிப் போட்டேன். ஆறு கிலோமீட்டர் தொண்ணூற்றாறு கட்டையில் அடங்கியது. மறுநாள் காலை அவள் ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அது தொளதொளவென்று தொங்கியது. நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நாள் தவறவில்லை. ஊசி போட்ட வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சி கூட இறங்காது. அப்போதும் புங்கமரம் வரையாவது போய் வருவாள். இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது, கூட்டத்துக்குப் போகாதே என்று சொன்ன நாட்களில் இந்த மனைதான் கைகொடுத்தது. நல்ல நாளில் போக இருபது நடை, வர இருபது நடை. தெம்பு இருக்கும்போது நான் முன்னால் போக விடமாட்டாள். "கீமேன் முன்னாடி, சூளை பின்னாடி" என்பாள். பின்னால் போய்ப் போய் என் காலும் அந்த அளவுக்குப் பழகிவிட்டது. கம்பெனியில் என் நடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நடக்கும்போது பேசிக்கொண்டே போவாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், அவள் பீட்டில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தண்டவாளமும் ஜல்லியும், வேறென்ன இருக்கப் போகிறது என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னாள். "இந்த வளைவுல மயிலு ஒண்ணு வருஷா வருஷம் முட்ட வைக்கும்ங்க. கிட்ட போனா சீறும். தையில இங்க முந்திரி பூக்கும், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு வாசனை கூடவே வரும். மார்கழியில தண்டவாளத்தத் தொட்டா பானைத் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கும், தெனமும் ஒரு வாட்டி தொடுவேன். பாலத்துல தண்ணி ஐப்பசி கார்த்திகையிலதான். மிச்ச நாளெல்லாம் மணலு. ஆனா நடுப்பாலத்துல நின்னா கீழேந்து மேல ஒரு காத்து வரும் பாருங்க..." அந்தக் காற்று வரும் இடத்தில், எங்கள் பாலத்தின் ஏழாவது தட்டில், அவள் நிற்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். கலியமூர்த்தி மனையில் ஏது காற்று? "நீங்க ஒரு நாளு வந்திருக்கலாம்" என்பாள். வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பாலத்தின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

காலை ஆறே முக்காலுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் சேலம் பாசஞ்சர் போகும். சத்தம் கேட்டதும் அவள் தட்டை விட்டு இறங்குவாள், என் சட்டையைப் பிடித்து என்னையும் இறக்குவாள். "வண்டி வர்றப்ப லைன்ல நிக்கக் கூடாது." வண்டியைப் பார்த்தபடி நேராக நிற்பாள். கடைசிப் பெட்டி மரங்களுக்குள் மறைந்த பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். "மாசியில சேந்துடுவேன்ங்க" என்பாள். சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கையைத் தூக்கும் பயிற்சியை மணிக்கணக்கில் செய்தாள். எதுவரை எட்டியது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். அந்தக் கோடு ஒவ்வொன்றும் மேலே ஏற ஏற என் நெஞ்சு கீழே இறங்கியது. சொல்லிவிடு, இன்றைக்குச் சொல்லிவிடு என்று தினமும் நினைப்பேன். சொன்னால் நடையை நிறுத்திவிடுவாள். நடையை நிறுத்தினால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிவில்லை. நான் கோழை. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

ஆறு ஊசியும் முடிந்தது. கரண்டு, அதாவது ரேடியேஷன், வைத்ததும் முடிந்தது. முடி குருவிக் கூடு மாதிரி சுருட்டை சுருட்டையாக முளைத்தது. மாசி மாதம் திருச்சியில் ரயில்வே மெடிக்கல். வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் பரீட்சை. விருத்தகிரீசுவரர் கோயில் விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, புதுப் பெண் மாதிரி கிளம்பினாள்.

நடக்கச் சொன்னார்கள். நடந்தாள். லேடி டாக்டர் அசந்துபோய், "இந்த ட்ரீட்மென்ட் எடுத்தவங்க இப்படி நடந்து நான் பார்த்ததில்லம்மா" என்றார். விருத்தாம்பாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு டாக்டர் இரண்டு கையையும் டேப்பால் அளந்தார். இடது கை தடித்திருந்தது. தூக்கச் சொன்னார். தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது.

"லைனுக்கு இனிமே வேண்டாம்மா. ஆபீஸ்ல வேலை குடுப்பாங்க, உக்காந்து பாக்குற வேலை."

"இன்னும் ரெண்டு மாசம் டைம் குடுங்கம்மா. கை மேல வந்துடும். கோடு போட்டு வச்சிருக்கேன், நெதமும் ஏறுது."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "இது டைம் குடுத்தா சரியாவுறது இல்லம்மா. சுத்தியல் வேலை எப்பவுமே கூடாதுன்னு ஆபரேஷன் பண்ணப்பவே எழுதியிருக்காங்களே. ஒங்க வூட்டுக்காரர்தான் கையெழுத்து போட்டிருக்காரு. சொல்லலையா?"

விருத்தாம்பாள் அந்தத் தாளை வாங்கினாள். என் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் கிடைத்தால் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வருபவள், இன்றைக்குத் தன் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெண்ணாடம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வைகாசியிலயே தெரியுமா?"

"தெரியும்."

"அந்தத் தட்டெல்லாம் பதிக்கிறப்பவும்?"

"தெரியும், விருத்தாம்பா."

"யோவ்" என்றாள். கோபம் வந்தால்தான் அந்த வார்த்தை வரும். "ஒம்பது மாசம். நான் லைனுக்குப் போயிடுவேன், போயிடுவேன்னு பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கிட்டே நடந்தேனே. நீயும் பின்னாலயே நடந்தியே. பொய்க் கட்டையில என்னை நடக்க வுட்டுட்டியேய்யா."

பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் அவள் பின்கதவைத் திறக்கவில்லை. ஆறே முக்கால் வண்டி போனது, எழுந்து பார்க்கவில்லை. சுவரில் இருந்த பென்சில் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். சமைத்தாள், தட்டை என் முன்னால் நகர்த்தினாள், பேச்சு இல்லை. அவள் திட்டினால் தாங்கிக்கொள்வேன். இந்த மௌனம் சூளையைவிடச் சுட்டது.

மூன்றாம் நாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் கண்ணில் இனி இது படக் கூடாது, பெயர்த்து முட்புதருக்குள்ளேயே கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். எங்கே ஆரம்பிப்பது? கை தானாகப் பாலத்துக்குப் போனது. முதல் தட்டைப் பெயர்த்தேன். இரண்டாவது. மூன்றாவதைப் புரட்டியபோது பின்னால் சத்தம் கேட்டது.

"ஏங்க."

திரும்பினேன். கேட்டு முனையில், முதல் கட்டையில் நின்றுகொண்டிருந்தாள். காலில் ஷூ. ஆரஞ்சு சட்டை இல்லை, வெறும் நைட்டி, மேலே ஒரு துண்டு.

"பாலத்த எதுக்குப் பிரிக்கிறீங்க? வண்டி வர்ற நேரம்."

கடப்பாரை கையிலிருந்து நழுவியது. அவள் நடந்து வந்தாள், கட்டை கட்டையாக. புங்கமரம் தாண்டினாள், வளைவில் லேசாகச் சாய்ந்தாள், பாலத்துக்கு வந்தாள். தோப்புக்கு அந்தப் பக்கம் ஊதல் கேட்டது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் இறக்கி நிறுத்தினாள். பக்கத்தில் அவளும் நின்றாள்.

வண்டி முந்திரி மரங்களுக்கு நடுவே பெட்டி பெட்டியாய்த் தெரிந்து தெரிந்து மறைந்தது. விருத்தாம்பாள் இடது கையைத் தூக்கினாள், பச்சைக் கொடி பிடிப்பது போல. தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. வண்டியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. கடைசிப் பெட்டி போகும் வரை அவள் இறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது, துடைக்கவும் இல்லை.

பிறகு காதைச் சாய்த்துக்கொண்டாள். "புங்கமரம் தாண்டிடுச்சு" என்றாள். சற்றுப் பொறுத்து, "வளைவு." நானும் கேட்டேன். ரொம்பத் தூரத்தில் வண்டியின் சத்தம் மாறியது. கடகடவென்று கனத்தது.

"பாலம்" என்றேன் நான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சத்தம் ஓயும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் புரட்டிப் போட்டிருந்த மூன்று தட்டுகளைக் காலால் காட்டினாள்.

"எடுத்துப் போடுங்க. நெருக்கமா."

போட்டேன்.